மூலைக்கல்லும் பூந்தொட்டியும்

பதிவு அலுவலகத்திலிருந்து பாகப்பிரிவினைப் பத்திரம் திரும்பி வந்த நாள் முதல், ஒரே கேட்டுக்குள் இருந்த இரண்டு வீடுகளும் இரண்டு நாடுகளாகிவிட்டன. தூதர்களை வைத்துக்கொள்ளத்தான் வசதியில்லை.

அப்பா விட்டுப்போனது ஒரே மனை. "முன்னாடி இருக்கிற கல்லுலேர்ந்து பின்மூலைக் கல்லு வரைக்கும் ஒரு கோடு. இடது பக்கம் பெரியவனுக்கு, வலது பக்கம் பாப்பாவுக்கு" என்று சொல்லிவிட்டு, தன் வேலை முடிந்ததென்று அவர் கண்ணை மூடினார். அதையே பத்திரமாக எழுதிக்கொண்டு போனால், "நீங்க எழுதியிருக்கிற அளவு வேற, இடத்தோட அளவு வேற. சர்வேயரை வெச்சு கோடு எங்க போகுதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்க" என்று பதிவாளர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கோடு எங்கே போகிறது என்பதை அண்ணன் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். பின்மூலைக் கல்லின் பக்கத்தில் நின்று, ஒரு கண்ணை மூடி, முன்பக்கக் கல்லைப் பார்த்தார். தங்கை பாப்பாவின் தையல் கூடத்தில் பாதி தன் பக்கம் வருவதாக அந்த ஒற்றைக் கண் சொன்னது. மறு கண்ணையும் திறந்து, அந்தப் பாதியை இடித்துவிட்டு அப்பாவுக்கு நினைவு மண்டபம் கட்டப்போவதாக அறிவித்தார். பெயர்ப்பலகைக்கு மாதிரிகூட வரைந்தாகிவிட்டது. அதில் அப்பாவின் பெயர் அடக்கமாகவும், 'நிறுவியவர்' என்பதற்குக் கீழே மகனின் பெயர் அடக்கமில்லாமலும் இருந்தன.

இன்றைக்குச் சர்வேயர் வருகிறார்.

*

"அந்த பேட்ஜை எங்க வெச்சே?"

"பீரோவுல. வர்றவர் இடத்தைத்தானே அளப்பார், உங்களையுமா அளக்கப் போறார்?" என்றாள் அண்ணி.

"ஆளைப் பார்த்துத்தான் இடத்தை அளப்பாங்க. அதெல்லாம் நாலு மேடை ஏறினவனுக்குத் தெரியும்."

அண்ணனை எல்லோரும் 'தலைவர்' என்றுதான் சொல்வார்கள். தெருவாசிகள் சங்கத்துக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர். சங்கம் கலைந்து ரொம்ப நாளாகிறது. தலைவர் கலையவில்லை.

அண்ணி குவளையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்குப் போனாள்.

அங்கே ஓரமாக, முழங்காலுக்குச் சற்று மேலே வருகிற உயரத்தில், ஒரு கருங்கல் நின்றது. அதன் முகத்தில் பளிங்குப் பலகை பதித்து, 'இத்தெருக் குழாய் தலைவர் அவர்களின் பொற்கரங்களால் திறந்துவைக்கப்பெற்றது' என்று வெட்டி, பெயரும் பட்டங்களும் போட்டிருந்தது. தெருவில் புதுக் குழாய் வந்தபோது பழையதைப் பிடுங்கி எறிந்தார்கள். கூடவே குப்பைக்குப் போக இருந்த கல்லைத் தலைவர் வண்டி வைத்துக் கொண்டுவந்து வீட்டில் நட்டுவிட்டார். தண்ணீர் நின்றுபோனாலும் பெருமை சொட்டிக்கொண்டிருந்தது.

கல்லின் தலைமேல் ஒரு பெரிய பூந்தொட்டி. அதிலிருந்து இறங்கிய கொடி, பட்டங்களில் பாதியை மூடியிருந்தது.

"எத்தனை வருஷமா சொல்றேன், அந்தத் தொட்டியை எடுன்னு. பேரே தெரியலை."

"வேர் பிடிச்சுடுச்சுங்க. அசைச்சா பட்டுப்போயிடும்."

"தொட்டியில இருக்கிற செடி கல்லுல எப்படி வேர் பிடிக்கும்?"

"பிடிச்சிருக்கு. விடுங்க."

வேர் பிடித்திருந்தது செடியல்ல என்று அவளுக்குத் தெரியும்.

குழாய்த் திறப்பு விழாவன்று, செய்யச் சொல்லியிருந்த கல் வண்டியிலிருந்து இறக்கும்போதே இரண்டாகப் பிளந்துபோனது. மேஸ்திரி பின்வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார். தலைவர் உள்ளே கண்ணாடி முன்னால் நன்றியுரைக்குப் பதிலுரை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். "ஏதாவது ஒரு கல்லை நட்டு, பலகையை ஒட்டி விடுங்க மேஸ்திரி, ஆளுங்க வந்துடுவாங்க" என்று அண்ணிதான் சொன்னாள். மேஸ்திரி தேடினார். பின்மூலைப் புதருக்குள் நான்கு பக்கமும் செதுக்கிய கல் ஒன்று கேட்பாரில்லாமல் நின்றது. அதைப் பிடுங்கிக்கொண்டு, வீட்டுப் பெரியவரான அப்பா பார்த்தால் சத்தம் போடுவாரே என்று, வேறொரு கல்லைக் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஊன்றிவிட்டுப் போனார். கொத்து வேலையில் 'கிட்டத்தட்ட' என்பது ஓர் அளவு. எவ்வளவு என்று மட்டும் கேட்கக் கூடாது.

குழாய் போய்க் கல் வீட்டுக்கு வந்த அன்றுதான் அண்ணி அதன் தலையில் வெட்டியிருந்த அம்புக்குறியைப் பார்த்தாள். மாமனார் ஒருமுறை புதரை விலக்கிக் காட்டி, "இது சர்க்கார் குறி, இதுதான் நம்ம மூலை" என்று சொன்ன அதே குறி. அன்றைக்கே தொட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டாள்.

புருஷனிடம் சொல்லிவிடத்தான் நினைத்தாள். நினைத்தபோதெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் சமையலறையைப் பின்னால் நீட்டிக் கட்டினார்கள். "கல்லு வரைக்கும் நம்ம இடம்தானே" என்று தலைவர் தாராளமாக நீட்டினார். காற்று வருகிற ஜன்னல், நின்றபடி பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. அந்த வீட்டில் அண்ணிக்கென்று ஓர் இடம் இருந்தால் அது அந்த ஜன்னலோரம்தான். உண்மையான கல் எங்கே இருந்ததென்று நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், அவள் நினைப்பு அந்த ஜன்னல்வரை வந்து நின்றுவிடும்.

*

தையல் கூடத்தில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மருத்துவமனை ஒன்றின் சீருடைகள், வார முடிவுக்குள் போயாக வேண்டும். பாப்பாவின் கணவர் லாரி ஓட்டுபவர். வீட்டில் இருப்பதைவிட வழியில் இருப்பதுதான் அதிகம். குடும்பம் ஓடுவது இந்தக் கூடத்தில், குறிப்பாக நடுவில் கிடக்கிற அந்த நீளமான வெட்டுமேசையில். துணி அங்கே விரிந்தால்தான் மற்ற எல்லாம்.

சர்வேயர் குடையும் பையுமாக வந்து சேர்ந்தார். எல்லோர் வீட்டுச் சண்டையிலும் தேநீர் குடித்து அலுத்துப்போன முகம்.

"யாரு மனு கொடுத்தது?"

"நான்தான்" என்றார்கள் அண்ணனும் தங்கையும் ஒரே குரலில். கடந்த சில வாரங்களில் அவர்கள் ஒத்துப்போனது இது ஒன்றில்தான்.

"அளக்கறது அப்புறம் இருக்கட்டும். நீங்க முதல்ல போர்டிகோ பக்கம் வாங்க சார்" என்றார் தலைவர். "நான் யாருன்னு ஒரு அறிமுகம்…"

"வெயில் ஏறுறதுக்குள்ள அளந்துடட்டுமேங்க" என்று அண்ணி குறுக்கே வந்தாள். "சாருக்கு எத்தனை வேலையோ."

சர்வேயர் நன்றியோடு அவளைப் பார்த்தார்.

அளவு நாடாவின் ஒரு முனையைத் தானே பிடிப்பதாகத் தலைவர் வாங்கிக்கொண்டார். நாடா என்றால் அவருக்கு வெட்டித்தான் பழக்கம். பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது புதிதாக இருந்தது. முன்பக்கக் கல்லிலிருந்து பின்மூலைக் கல்லுக்கு ஒரு நூல் இழுத்துக் கட்டினார்கள். நூல் நேராகப் போய், கூடத்தின் ஒரு ஜன்னல் வழியாக நுழைந்தது.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"அண்ணே, உங்க நூல் என் மேசை மேல கிடக்கு."

"என் நூல் இல்ல பாப்பா. சர்க்கார் நூல்."

சர்வேயர் பின்மூலைக்குப் போய்க் குனிந்தார். கல்லின் தலையிலிருந்த மண்ணைச் சாவியால் சுரண்டினார். சுற்றிச் சுற்றிச் சுரண்டினார். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது சர்வே கல்லு இல்லையே. குறி இல்ல. அசலை யாரோ பிடுங்கிட்டு இதை நட்டு வெச்சிருக்காங்க."

அண்ணி குவளையோடு போர்டிகோவுக்குப் போய், காலையில் நனைத்த பூந்தொட்டிக்கே மறுபடி தண்ணீர் விட்டாள்.

"இப்ப என்ன சார் பண்றது?" என்று கேட்டாள் பாப்பா.

"பக்கத்து மனைக் கல்லுலேர்ந்து அளந்து, இந்த மூலை எங்கேன்னு கண்டுபிடிச்சிடலாம். அது ஒண்ணும் பெரிய வேலை இல்ல. ஆனா கல்லைப் பிடுங்கறது குற்றம். யாராவது எழுத்துல புகார் கொடுத்துட்டா நான் நாடாவைச் சுருட்டிடணும். விசாரணை முடியற வரைக்கும் பத்திரம் பதிவாகாது. சந்தேகத்துல இருக்கிற இடத்தைப் பூட்டிடுவாங்க."

"பூட்டினா எத்தனை நாளாகும்?"

"அது விசாரிக்கிறவங்களைப் பொறுத்தது. மாசக்கணக்கிலயும் போயிருக்கு."

பாப்பா கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெட்டி வைத்த துணியெல்லாம் உள்ளே கிடந்தது.

தலைவரின் முகத்தில் மேடை ஏறுகிற ஒளி வந்தது. "குற்றம்னா தண்டனை உண்டா?"

"உண்டு."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

"எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும்?"

"சட்டத்துல ஆள் அளவெல்லாம் கிடையாது சார்."

"அப்ப புகார் வருது. கூடம் கட்டினப்பதான் அந்த மூலைக்குக் கடப்பாறை போச்சு. கட்டினது அவங்கதான்."

"அவங்களா?" என்றாள் பாப்பா. "இப்பதானே பாப்பான்னு கூப்பிட்டீங்க." அண்ணனுக்குக் கோபம் வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். "கூடம் கட்டினப்ப அப்பா நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. கோட்டுலேர்ந்து ஒரு முழம் தள்ளிக் கட்டுன்னு சொன்னதே அவர்தான்."

"அப்பா வந்து சாட்சி சொல்ல மாட்டார்ங்கிற தைரியம்."

பாப்பா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

*

புகார் எழுதத் தலைவருக்கு மேசை வேண்டும், நாற்காலி வேண்டும், 'முன்னாள் தலைவர்' என்று தலைப்பில் அச்சடித்த தாளும் வேண்டும். எல்லாம் போர்டிகோவுக்கு வந்தன. சர்வேயரும் வந்தார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை வைக்க இடம் தேடி, பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கல்லின் விளிம்புக்குக் கொண்டுபோனார்.

"குடுங்க சார், நான் வாங்கிக்கிறேன்." அண்ணி பாய்ந்து பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"இன்னும் குடிக்கலைம்மா."

"ஆறிடுச்சு. வேற தர்றேன்."

கோப்பையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. பாப்பா அதைப் பார்த்தாள். அண்ணியின் பின்னாலேயே சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, காலையிலேர்ந்து அந்தத் தொட்டியை விட்டு நகர மாட்டேங்கறீங்க. என்ன அதுல?"

"செடி."

"அண்ணி."

அண்ணி கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"நான்தான் கல்லைப் பிடுங்கினேன்னு நீங்களும் நினைக்கிறீங்களா?"

"இல்ல."

"அதை வெளியில வந்து சொல்லலாமே."

"உங்க அண்ணன்கிட்ட யாராவது ஒரு வாக்கியம் முழுசாச் சொல்லி நீ பார்த்திருக்கியா?"

பாப்பாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கூடம் போனா போகட்டும் அண்ணி. எங்கயாவது கூலிக்குத் தைச்சுப் பிழைச்சுப்பேன். ஆனா அப்பா வெச்ச கல்லைப் பிடுங்கினவன்னு பேரு வாங்கிட்டு, இந்த கேட்டுக்குள்ள தினம் எப்படி வந்து போறது?"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அண்ணி ஜன்னலோரம் நின்றாள். காற்று நன்றாகத்தான் வந்தது. கழுவும் தொட்டியின் விளிம்பைக் கையால் ஒருமுறை துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

*

தலைவர் எழுந்து நின்று வாசித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்து வாசித்தால் அவருக்குத் தமிழ் வராது.

"'…முன்னோர் நாட்டிய எல்லைக்கல்லைத் தன் சுயநலத்தின் பொருட்டுப் பிடுங்கிய நபர், எத்தகைய அந்தஸ்தில் இருப்பினும், உறவு, தயவு, தாட்சண்யம் ஏதும் பாராமல் தண்டிக்கப்பட வேண்டுமென்று…' எப்படி?"

"நல்லா இருக்கு" என்றார் சர்வேயர், கடிகாரத்தைப் பார்த்தபடி. "கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

போட்டிருந்தது. பாதிப் பக்கத்துக்குப் போட்டிருந்தது.

சர்வேயர் தாளை வாங்கி மடிக்கப்போனவர் நிறுத்தினார். "புகார்தாரர் என்ன செய்யறார்னு ஒரு வரி எழுதணும். சார் என்னவா இருக்கீங்க?"

உலகத்தில் எந்தக் கேள்விக்காகத் தலைவர் பேட்ஜ் குத்திக்கொண்டு காத்திருந்தாரோ, அந்தக் கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஏங்க, கல்வெட்டு இருக்கே. சார் இன்னும் அதைப் பார்க்கவே இல்லையே."

"அதைத்தானே காலையிலேர்ந்து சொல்றேன்."

"தொட்டியை எடுத்துடுங்க. பேரு முழுசாத் தெரியட்டும்."

தலைவர் ஒரு கணம் சந்தேகமாகப் பார்த்தார். "வேர் பிடிச்சிருக்குன்னே?"

"விட்டுடுச்சு" என்றாள் அண்ணி.

இத்தனை வருட ஆசை. தலைவர் குனிந்து தொட்டியை இரண்டு கையாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கொடி அவர் தோளில் விழுந்து மாலைபோல் தொங்கியது. "படிங்க சார். சத்தமாவே படிங்க."

சர்வேயர் மரியாதைக்குக் குனிந்தார். பளிங்கில் முதல் வரியைப் படித்தார். பிறகு அவர் கண், பலகைக்கு மேலே, தொட்டி இருந்த ஈர வட்டத்துக்குப் போய் நின்றுவிட்டது. கைக்குட்டையை எடுத்து அந்த வட்டத்தைத் துடைத்தார்.

"இந்தக் கல்லு எங்கேர்ந்து வந்தது சார்?"

"விழாவுக்குன்னே விசேஷமா வரவழைச்சது."

"நீங்களேவா?"

"பின்ன? என் நேரடி மேற்பார்வை. கல்லைத் தேர்ந்தெடுத்ததுலேர்ந்து நட்டது வரைக்கும், நான் கூட நின்னு பண்ணினது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? என்னைக் கேக்காம இந்தத் தெருவுல அன்னிக்கு ஒரு செங்கல் அசைஞ்சிருக்காது."

சர்வேயர் நகர்ந்து வழிவிட்டார். பாப்பாதான் முதலில் வந்து பார்த்தாள். கருங்கல்லின் தலையில், பாசி பிடித்து, ஆனால் தெளிவாக, ஓர் அம்புக்குறி.

"உங்க வீட்டுப் பின்மூலைக் கல்லு இதுதான்" என்றார் சர்வேயர். "உங்க பேரோட நிக்குது."

தலைவர் அம்புக்குறியைப் பார்த்தார். தன் பெயரைப் பார்த்தார். சர்வேயரின் கையில் இருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார். தொட்டியைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் அது எப்போதும் இருந்த இடத்தில் இனி வைக்க முடியாது, வேறு இடம் அவருக்குத் தோன்றவில்லை.

"மேஸ்திரிகிட்ட ஏதாவது ஒரு கல்லை நடுங்கன்னு சொன்னது நான்தான்" என்றாள் அண்ணி. புருஷனிடம் அல்ல, பாப்பாவிடம். "அவர் எதை எடுத்தார்னு அப்புறம்தான் பார்த்தேன். பார்த்தும் மூடி வெச்சேன்."

தலைவர் இருக்கிற இடத்தில் இப்படியொரு அமைதி நிலவியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

"இப்ப இந்தப் புகாரை என்ன சார் பண்ணட்டும்?" என்று கேட்டார் சர்வேயர். "எந்த அந்தஸ்துல இருந்தாலும்னு எழுதியிருக்கீங்க."

தலைவரின் உதடு அசைந்தது. "வாபஸ்."

"நீங்க மட்டும் சொன்னாப் போதாது. யார் மேல பழி வந்ததோ, அவங்களும் ஆட்சேபணை இல்லைன்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடணும். அளந்து முடிச்சதும் போட்டுடுங்கம்மா. இல்லைன்னா இதை நான் மேல அனுப்பித்தான் ஆகணும்" என்றார், பாப்பாவின் பக்கம் திரும்பி.

*

பக்கத்து மனைக் கல்லிலிருந்து அளந்து, உண்மையான மூலையில் ஒரு முளை அடித்தார்கள். நாடாவின் மறுமுனையை இந்த முறை பாப்பா பிடித்தாள். நூல் மறுபடி இறுகியது. கூடத்தின் சுவரைத் தொடாமல், அப்பா சொன்ன அந்த ஒரு முழம் தள்ளி, நேராகப் போயிற்று.

அவள் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். உள்ளே யாரும் சொல்லாமலே ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது.

ஆனால் நூல் அங்கே நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டிப் போய், சமையலறை ஜன்னலின் ஓரமாக ஏறி, உள்ளே இறங்கியது. சர்வேயர் சுண்ணாம்புக் கட்டியோடு பின்னாலேயே போனார். கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் தொடங்கிய கோடு தரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் முடிந்தது. ஜன்னலும், தொட்டியும், அடுப்பும் கோட்டுக்கு அந்தப் பக்கம்.

"அடுப்பு உங்க இடத்துல இருக்கும்மா" என்றார் பாப்பாவிடம்.

அண்ணிக்கு அது செய்தியாகவே இல்லை. கையில் தேநீர்ப் பாத்திரத்தோடு கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றாள். வாசலில், பூந்தொட்டியை அணைத்தபடி, தலைவர்.

"சாருக்குச் சூடா ஒரு டீ தர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள் அண்ணி. "உன் இடத்துல நின்னுதான் போடணும் போலிருக்கு. வரலாமா?"

பாப்பா சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தாள். அது அண்ணியின் கால் விரல்களுக்கு முன்னால், ஒரு விரல் இடம்கூட விடாமல் கிடந்தது.

"வந்து போடுங்க அண்ணி. எனக்கும் ஒண்ணு." வாசல் பக்கம் திரும்பினாள். "அண்ணனுக்கு வேண்டாம். அவர் கையில இடமில்ல."

சர்வேயர் புகார்த் தாளை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, பேனாவை நீட்டினார். தலைவர் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடி அவர் தோளில் இன்னும் மாலையாகக் கிடந்தது.

பாப்பா பேனாவை வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை.

"மண்டபத்துக்குப் பேர்ப்பலகை வரைஞ்சு வெச்சிருக்கீங்களே அண்ணே," என்றாள். "அதைக் கொண்டுட்டு வாங்க. முதல்ல அதுல 'நிறுவியவர்' பேர்ல ஒரு திருத்தம் பண்ணிட்டு, அப்புறம் இதைப் பார்ப்போம்."